காந்தப் பூட்டு: பொங்கலுக்குப் பேரன் வருகிற வீட்டுக்கு

பொங்கலுக்கு ஓசூரிலிருந்து மகள் வருகிறாள், கூடவே இரண்டு வயசுப் பேரன். அதனால் சிங்க்குக்குக் கீழே இருக்கும் மர அலமாரிக்குக் காந்தப் பூட்டு போட்டேன். செவ்வாய்ப்பேட்டை ஹார்டுவேர் கடையில் வாங்கினேன். கொக்கி கதவுக்கு உள்பக்கம் இருக்கும். காந்தச் சாவியை வெளியே வைத்தால்தான் விலகும். பிள்ளை எவ்வளவு இழுத்தாலும் திறக்காது. நம்பி வாங்கலாம்.

கூட வரும் ஒட்டும் டேப்பை மட்டும் நம்பாதீர்கள், எண்ணெய்ப் பிசுக்கில் கழன்றுவிடும். ஸ்க்ரூ போட்டு முடுக்குங்கள். இரும்பு பீரோவுக்கு இது ஆகாது, தகட்டைத் தாண்டிக் காந்தம் இழுக்காது. சாவி ஃப்ரிட்ஜில் ஒட்டிக்கொள்கிறது, கைக்கு எட்டாத உயரத்தில் ஒட்டி வையுங்கள்.

போகிக்கு வீடு சுத்தம் செய்யும்போதுதான் விஷம் எல்லாம் வெளியே வரும். பெயிண்டர் விட்டுப்போன தின்னர், எலி மருந்து, பினாயில். தெருவில் வண்டியில் விற்கும் ஆசிட் பழைய கூல்ட்ரிங்க்ஸ் பாட்டிலில் வருகிறது. தாகத்தில் இருக்கும் பிள்ளைக்கு அது குடிக்கிற பாட்டில்தான். அப்படி விற்பதை நான் வாங்குவதே இல்லை. அப்புறம், வாசல் தெளிக்கும் சாணிப்பவுடர். அதில் சாணமே கிடையாது, ஆரமைன், மாலகைட் கிரீன் மாதிரி சாயம், உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து. பூட்டி வைப்பதற்குப் பதில் வீட்டை விட்டே போகட்டும் என்று நிறுத்திவிட்டேன். பால்காரரிடம் பசுஞ்சாணம் சொன்னால் கொண்டுவந்து தருகிறார்.

பூட்டுக்கு எட்டாத இடங்களும் உண்டு. சாமி அலமாரியில் இருக்கும் கற்பூரம் கல்கண்டு மாதிரி தெரியும், விழுங்கிய கொஞ்ச நேரத்திலேயே குழந்தைக்கு வலிப்பு வரலாம். விருந்தாளிகளின் கைப்பையில் சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை இருக்கும். சில சுகர் மாத்திரை ஒன்றே ஒன்று போதும், குழந்தையின் சர்க்கரை அபாயமாக இறங்கிவிடும். ஹாலில் உயரமாக ஆணி அடித்து, சம்பந்தியம்மா வந்ததும் பையை வாங்கி மாட்டிவிடுகிறேன்.

மீறி ஏதாவது விழுங்கிவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஆசிட் திரும்பி வரும்போது தொண்டையை இன்னொரு முறை பொசுக்கும், மண்ணெண்ணெயும் தின்னரும் நுரையீரலுக்குள் போய்விடும். 108-ஐக் கூப்பிட்டு, அந்தப் பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள். டெல்லி எய்ம்ஸின் விஷத் தகவல் மையம் 1800 116 117 எண்ணில் இரவும் பகலும் பேசும். அதைக் காகிதத்தில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன்.

மாடி பாத்ரூம் அலமாரிக்கும் இன்னொரு செட் சொல்லியாச்சு.