தற்காப்பா, திடீர்ச் சண்டையா?

செட்டிநாட்டில் ஒரு வளவு வீட்டுக்குப் பல பங்காளிகள். பங்குத் தகராறு கைகலப்பாகி ஒருவர் இறந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். பாரதிய நியாய சன்ஹிதா 103ஆம் பிரிவில், அதாவது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 302இல், கொலை வழக்கு வரும். தண்டனை தூக்கு அல்லது ஆயுள்.

தற்காப்பு என்ற வாதம் நின்றால் முழு விடுதலை. ஆனால் தன் உயிர் போகும், கொடுங்காயம் விழும் என்ற நியாயமான அச்சம் இருந்திருக்க வேண்டும். எதிராளி வெறுங்கையோடு ஓடியிருந்தால் வாதம் சரியும்.

திடீர்ச் சண்டை விடுதலை தராது; குற்றத்தை, கொலையாகாத மரணம் விளைவித்தலுக்கான 105ஆம் பிரிவுக்கு இறக்கும். கொல்லும் நோக்கம் இருந்தால் ஆயுள், அல்லது 5 முதல் 10 ஆண்டு. சாவு நேரலாம் என்று தெரிந்திருந்தது மட்டுமே என்றால் 10 ஆண்டு வரை. இங்கே ஆயுதம் எங்கிருந்து வந்தது என்பதுதான் உயிர்நாடி. முற்றத்தில் கிடந்த கடப்பாரையால் ஒரே அடி என்றால் வாதத்துக்கு இடமுண்டு. வீட்டுக்குப் போய் அரிவாளோடு திரும்பியிருந்தால், விழுந்தவரை மேலும் வெட்டியிருந்தால், 'திடீர்' எடுபடாது.

இரண்டு வாதத்திலும் நிரூபிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவர் தரப்புக்கே. நம்பத்தக்க அளவுக்குக் காட்டினால் போதும். அதனால் குற்றம் சாட்டப்பட்டவரின் உடம்பிலும் காயம் இருந்தால், அன்றே அரசு மருத்துவமனைப் பதிவேட்டில் அதை ஏற்றியாக வேண்டும். பல குடும்பங்கள் ஜாமீனுக்கு அலைந்து இதைக் கோட்டைவிடுகின்றன.