‘பெர்மிட் வேண்டாம்’ என்று சொல்லி ஷெட் கட்டுகிறவர்களிடம் உஷார்

நியூ ஜெர்சியில் வீட்டின் பின்புறம் ஷெட் கட்ட நினைக்கும் தமிழ்க் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். குறிப்பாக, மடிந்த கூரையும் உள்ளே பரணுமாகப் பண்ணைக் களஞ்சியம் போல் இருக்கும் ‘பார்ன்’ பாணி ஷெட்டுக்கு ஆசைப்படுகிறவர்களுக்கு. மிடில்செக்ஸ் கவுண்டியில் நம்மவர்களிடையே வாய்வழியாகவே பெயர் பரவிவரும் ஒருவர் எங்களுக்கும் ஒன்று கட்டிக் கொடுத்தார். அவர் பெயரை எழுதவில்லை, வழக்கு நடக்கிறது. ஆள் யார் என்பதைவிட வேலை எப்படி நடந்தது என்பதுதான் உங்களுக்கு உதவும். இந்த வித்தை தெரிந்தவர் இவர் ஒருவர் மட்டும் அல்ல.

எங்கள் தேவை பெரிதாக ஒன்றும் இல்லை. 10க்கு 16 அடி. கீழே புல்வெட்டி, பனி தள்ளும் இயந்திரம், சைக்கிள்கள். மேலே பரணில் கொலுப் பெட்டிகளும், வருடத்துக்கு இரண்டு முறை மட்டும் வெளியே வரும் பெரிய அண்டாக்களும். பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பகுதியில் ஆமிஷ் தச்சர்கள் செய்யும் ஷெட்டை முழுசாக லாரியில் கொண்டுவந்து இறக்குவார்கள். ஆனால் எங்கள் வீட்டுக்கும் வேலிக்கும் நடுவே இருக்கும் சந்தில் அது நுழையாது. அதனால் இடத்திலேயே கட்டுகிறவரைத் தேடினோம்.

வந்தவர் நன்றாகப் பேசினார். “நம் ஊர்க்காரர்களுக்குத் தனி விலை, அண்ணா” என்று 7,800 டாலர் சொன்னார். பெர்மிட் எடுக்க வேண்டாமா என்று என் மனைவி கேட்டதற்கு, “200 சதுர அடிக்குள் இருந்தால் பெர்மிட்டே தேவையில்லை அக்கா, உங்களுடையது 160தான்” என்றார்.

பொய் என்று சொல்ல முடியாத பொய் அது. நியூ ஜெர்சியில் கட்டுமானப் பெர்மிட் இல்லாமல் தோட்டத்து ஷெட் கட்டலாம் என்பது உண்மை. ஆனால் பரப்பு 200 சதுர அடிக்குள்ளும், உயரம் 10 அடிக்குள்ளும் இருக்க வேண்டும். தண்ணீர், எரிவாயு, சாக்கடை இணைப்புகள் கூடாது. எல்லாம் சேர்ந்து பொருந்தினால்தான் விலக்கு. அவர் பரப்பை மட்டும் சொல்லிவிட்டு உயரத்தை விழுங்கிவிட்டார். சாதாரண முக்கோணக் கூரை வைத்த ஷெட் பெரும்பாலும் பத்தடிக்குள் அடங்கிவிடும். பார்ன் கூரை அப்படி அல்ல. இருபுறமும் கீழ்ப்பகுதி செங்குத்தாக ஏறும், பாதியில் மடியும், அதற்கு மேல் தாழ்ந்த சரிவாகப் படுக்கும். மேலே பொருள் வைக்க இடம் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே உண்டான வடிவம். கீழே ஆள் நிமிர்ந்து நிற்க வேண்டும், மேலே பரணும் வேண்டும் என்றால் பத்தடி எப்படிப் போதும்? எங்களுடையது 12 அடியைத் தாண்டியது. வருடக்கணக்காக இதையே கட்டிப் பிழைப்பவருக்கு இந்தக் கணக்கு தெரியாது என்று நான் நம்பத் தயாராக இல்லை.

இன்னொன்று, கட்டுமானப் பெர்மிட் தேவைப்படாத ஷெட்டுக்கும் பல டவுன்ஷிப்களில் ஜோனிங் அனுமதி, அதாவது மனையில் எதை எங்கே கட்டலாம் என்பதற்கான அனுமதி, தேவை. வேலியிலிருந்து எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்பதை டவுன்ஷிப்தான் சொல்லும், அது ஊருக்கு ஊர் மாறும். எங்கள் டவுன்ஷிப்பில் 5 அடி. இவர் 2 அடியில் நிறுத்தினார். “புல்வெளி மிச்சமாகும்” என்றார்.

முன்பணமாக 5,000 டாலர் கேட்டார், வங்கிக் கணக்கிலிருந்து நேரே பணம் அனுப்பும் ‘ஸெல்’ வழியாக மட்டும். கார்டில் கட்டுகிறோம் என்றதற்கு மூன்று சதவீதம் கூடுதலாகும் என்றார். கார்டில் கொடுத்த பணத்துக்கு வங்கியிடம் புகார் கொடுத்து மல்லுக்கட்டவாவது வழி உண்டு. நாமே விரும்பி ஸெல்லில் அனுப்பியதை மீட்பது ஏறக்குறைய நடக்காத காரியம்.

இனி அடிப்பாகத்துக்கு வருகிறேன். ஷெட்டில் ஏமாற்று வேலை நடப்பது பெரும்பாலும் அங்கேதான்.

அவர் கொடுத்த மதிப்பீட்டுத் தாளில் ‘ஜல்லித் தளம்’ என்று எழுதியிருந்தது. முறைப்படி என்றால் புல்லைச் சுரண்டி எடுத்து, மண்ணை மட்டம் செய்து, துணி விரித்து, உடைத்த கல்லை 4 முதல் 6 அங்குலம் வரை நிரப்பிக் கெட்டிக்க வேண்டும். ஷெட்டின் அளவைவிடச் சுற்றிலும் ஓர் அடியாவது அகலமாக இருக்க வேண்டும். இவருடைய ஆட்கள் நாங்கள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் புல்லின் மேலேயே சிமென்ட் கட்டைகளை அடுக்கிச் சட்டத்தைத் தூக்கி வைத்துவிட்டார்கள். ஜல்லி வரவே இல்லை என்று சொல்ல மாட்டேன். கோலத்தைச் சுற்றிக் காவி இழுப்பதைப் போல ஓரமாக நாலைந்து மூட்டையைத் தூவியிருந்தார்கள். பிறகு அடிப்பாகத்தைச் சுற்றிப் பலகை அடித்து மூடினார்கள். அழகுக்காம்.

அந்தப் பலகையில் ஒன்றைக் கழற்றிப் பார்த்தவர் பக்கத்து வீட்டுக்காரர், ஓய்வு பெற்ற தச்சர். பனி தள்ளும் இயந்திரத்தை உள்ளே உருட்டும்போது தரை அமுங்கி எழுவதைக் கவனித்து, டார்ச்சுடன் புல்லில் குப்புறப் படுத்துவிட்டார். மண்ணுக்கு அருகில் வரும் மரம் அழுத்தத்தில் மருந்து ஏற்றியதாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட ஒவ்வொரு கட்டையின் முனையிலும் சிறிய சீட்டு ஒன்றை அடித்திருப்பார்கள். தரையைத் தொடலாமா, தரைக்கு மேலே மட்டும்தானா என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். எங்கள் ஷெட்டின் அடியில் ஒரு சீட்டும் இல்லை. வெளியே தெரியும் ஓரச்சட்டத்துக்கு மட்டும் பச்சை கலந்த பழுப்புச் சாயம், உள்ளே எல்லாம் வெறும் வெள்ளை மரம். 2க்கு 6 கட்டைகள் 16 அங்குல இடைவெளியில் என்று தாளில் இருந்தது. உள்ளே 2க்கு 4, அதுவும் 24 அங்குல இடைவெளியில். அவர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டே, “யார் கட்டியது?” என்று மட்டும் கேட்டார்.

கூரையின் கதையைப் பனிக்காலம் சொன்னது. பார்ன் கூரையில் சரிவு மடிகிற அந்த மூட்டுதான் உயிர்நிலை. இருபுறமும் பிளைவுட் தகடு வைத்துப் பசையும் ஆணியுமாக இறுக்க வேண்டும். சுவருக்குச் சுவர் குறுக்கே கட்டும் விட்டங்கள், அதாவது பரணைத் தாங்குகிற அதே கட்டைகள், சுவர்கள் வெளியே விரியாமல் பிடித்துக்கொள்ளும். இவர் மூட்டில் ஒரு பக்கம் மட்டும் தகடு வைத்தார். பரணை முன்பாதியில் மட்டும் போட்டு, பின்பாதியில் விட்டமே இல்லாமல் விட்டுவிட்டார். ஈரப் பனி கனமாக விழுந்த முதல் வாரத்திலேயே பின்பாதியில் இரண்டு சுவர்களும் புடைத்துக்கொண்டன. சட்டம் முழுவதும் கோணியதில் இரட்டைக் கதவு ஒன்றோடு ஒன்று உரசித் திறக்க மறுத்தது. கொலுப் பெட்டிகளைப் பரணிலிருந்து இறக்கி மறுபடியும் சாப்பாட்டு அறையில் அடுக்கியிருக்கிறோம்.

அவரை அழைத்தேன். “பனி இயற்கை அண்ணா, அதற்கு நான் என்ன செய்ய முடியும்?” என்றார். நியூ ஜெர்சியில் பனி விழும் என்பதை யாரோ அவரிடமிருந்து மறைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

பிறகு டவுன்ஷிப்பிலிருந்து கடிதம் வந்தது. பெர்மிட் இல்லாத உயரம், வேலிக்கு அருகில் கட்டியது என்று இரண்டு மீறல்கள். இரண்டும் வீட்டுக்காரர் தலையில்தான் விழும். இந்த முறை அவர், “பெர்மிட் வீட்டு உரிமையாளர் பொறுப்பு, சார்” என்று குறுஞ்செய்தி அனுப்பினார். அண்ணா போய்ச் சார் வந்துவிட்டது. அதன் பின் அழைப்புகளை எடுப்பதில்லை.

இப்போதைய நிலவரம்: வேறொரு தச்சர் வந்து பார்த்துவிட்டு, நிமிர்த்துவதைவிடப் பிரித்துக் கட்டுவதே மலிவு என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். மாநில நுகர்வோர் விவகாரப் பிரிவில் புகார் கொடுத்திருக்கிறோம். கேட்கும் தொகை சிறு வழக்கு மன்றத்தின் 5,000 டாலர் வரம்பைத் தாண்டுவதால், 20,000 வரை விசாரிக்கும் ஸ்பெஷல் சிவில் பிரிவில் வழக்கு. எங்களுக்குச் சாதகமாக இருப்பது அவர் கொடுத்த அந்த ஒற்றைத் தாள். இந்த மாநிலத்தில் 500 டாலருக்கு மேற்பட்ட வீட்டு வேலைக்கு இரு தரப்பும் கையெழுத்திட்ட எழுத்து ஒப்பந்தம் வேண்டும். அதில் கட்டுகிறவரின், 13விஎச் என்று தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும், காப்பீட்டுச் சான்றின் நகலும் இணைக்க வேண்டும். அவருடைய தாளில் இவை எதுவும் இல்லை. நுகர்வோர் மோசடிச் சட்டத்தின்படி நிரூபித்தால் இழப்பீடு மூன்று மடங்கு, வழக்கறிஞர் கட்டணமும் எதிர்த்தரப்பின் தலையில்.

அந்தப் பதிவு எண்ணை நுகர்வோர் விவகாரப் பிரிவின் தளத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். உயரத்தையும் வேலி இடைவெளியையும் டவுன்ஷிப் அலுவலகத்திலேயே கேளுங்கள், கட்டுகிறவரிடம் கேட்காதீர்கள். தரைப்பலகை அடிப்பதற்கு முன் அடிச்சட்டத்தைப் பார்த்துப் படம் எடுத்த பிறகே அடுத்த தவணை என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். ஷெட்டைப் பிடித்து நிறுத்தும் இரும்பு முளைகளைத் தரையில் இறக்குவதற்கு மூன்று வேலை நாள் முன்பே 811 எண்ணை அழைக்க வேண்டும். எரிவாயுக் குழாயும் மின்கம்பியும் எங்கே போகின்றன என்று இலவசமாகக் குறித்துக் கொடுப்பார்கள். எங்களுக்கு முளை அடித்த ஆட்கள் இதைக் கேள்விப்பட்டதே இல்லை என்றார்கள்.

இதைப் படிக்கும் யாராவது இப்படி ஒருவரிடம் கையெழுத்திட்டு முன்பணமும் கொடுத்திருந்தால், ஒப்பந்தத்தின் நகல் கைக்கு வந்து மூன்றாம் வேலை நாளின் நள்ளிரவு வரை காரணம் சொல்லாமலேயே ரத்து செய்யலாம். தொலைபேசியில் சொல்லாதீர்கள். எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.