வார இறுதிக்குத் தஞ்சாவூரா, மதுரையா?

சென்னையிலிருந்து இரண்டுக்குமே இரவு ரயில் உண்டு: தஞ்சாவூருக்கு உழவன், மதுரைக்குப் பாண்டியன். அதனால் பயணத்தை வைத்து முடிவெடுக்க முடியாது.

தஞ்சாவூரில் பெரிய கோயில் ஒன்றே போதும். 1010-இல் ராஜராஜன் கட்டி முடித்த அந்த விமானம் (கருவறைக்கு மேலுள்ள கோபுரம்), சுமார் 60 மீட்டர் உயரம். காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை பாருங்கள். கல்லின் நிறமே மாறியிருக்கும். நடுப்பகலில் மட்டும் வேண்டாம், தரை பாதத்தைப் பொசுக்கிவிடும். அந்த நேரத்துக்கு அரண்மனைக் கலைக்கூடம் இருக்கிறது. அங்குள்ள சோழர் செப்புத் திருமேனிகளை அவசரப்படாமல் பார்க்கலாம். மறுநாள் கும்பகோணம் பக்கத்திலுள்ள தாராசுரம் கோயில்.

மதுரையில் நெரிசல் அதிகம். மீனாட்சி கோயிலுக்குள் செல்பேசிக்கு அனுமதியில்லை (நல்லதுதான்). பகலில் நடை சாத்தும் நேரத்தில் திருமலை நாயக்கர் மகாலையோ காந்தி அருங்காட்சியகத்தையோ பார்க்கலாம். ஆனால் சாப்பாடு என்று வந்தால் தஞ்சாவூரால் மதுரையின் பக்கத்திலேயே வர முடியாது: கறி தோசை, பருத்திப்பால், ஜிகர்தண்டா என்று ராத்திரியிலும் தெரு விழித்திருக்கும்.

பெரியவர்களோடு போவதென்றால் என் ஓட்டு தஞ்சாவூருக்கு. நண்பர்களோடு என்றால், சரி, மதுரைக்கே டிக்கெட் போடுங்கள்.