பிறந்தநாளுக்கு நாவல் எடுக்கிற பொக்ஸ்: ஆறு வருஷம் பாவிச்ச அனுபவம்

அக்கா நியூ ஜேர்சில இருக்கிறா. 2019ல அவ மாசாமாசம் புத்தகம் அனுப்புற புக் ஒஃப் த மந்த்ல சேர்ந்த நேரம், உன்ர பிறந்தநாளுக்கு நீயே பாத்து ஒண்டு எடு எண்டு லொகின்னை எனக்குத் தந்துட்டா, அண்டைக்குத் தொடங்கினது, இண்டைவரைக்கும் நான் கொழும்பு வெள்ளவத்தையில இருந்து தெரிவு செய்யிறன், பொக்ஸ் அக்கா வீட்டுக்குப் போகுது. புக் ஒஃப் த மந்த் ஆக்கள் அமெரிக்காக்குள்ள மட்டும்தான் அனுப்புவினம், மிச்ச வழி எல்லாம் ஊருக்கு வாற ஆக்களின்ர சூட்கேஸ்தான். என்ர பிறந்தநாள் கார்த்திகையில, நல்லூர்த் திருவிழாவுக்கு ஆக்கள் ஆடி ஆவணியில வருவினம், அதால நான் வைகாசி ஆனியிலயே தெரிவு செய்து முடிக்கோணும். புத்தகம் வந்து மூண்டு மாசம் அலுமாரியில சுத்தின பேப்பரோடயே இருக்கும். உள்ளுக்க என்ன இருக்கெண்டு தெரியும், ஆனா பிரிக்கமாட்டன்.

தெரியாத ஆக்களுக்காகச் சொல்லுறன். இது 1926ல தொடங்கின ஒண்டு. அந்தக் காலத்தில பக்கத்தில புத்தகக் கடையே இல்லாத ஆக்களுக்குத் தபாலில அனுப்பத் தொடங்கினது, நடுவர் குழு ஒண்டு மாசம் ஒரு புத்தகம் தெரிவு செய்யும், வேண்டாம் எண்டு முன்னுக்கே எழுதிப் போடாட்டி அது வீட்டுக்கு வந்திடும். இப்ப அப்பிடி இல்லை. மாசம் முதலாம் திகதி அஞ்சாறு புதுப் புத்தகம், சில மாசம் கூடவும் போடுவினம், பெரும்பாலும் நாவல்தான், முதல் நாவல் எழுதின ஆக்களும் நிறையப் பேர் இருப்பினம், சிலது கடைக்கு வாறதுக்கு முதலே அவையிட்ட வந்திடும். ஒண்டை எடுக்கலாம், பிடிக்காட்டி ஸ்கிப் பண்ணலாம், ஸ்கிப் பண்ணினா அந்த மாசத்துக் கிரெடிட், அதாவது ஒரு புத்தகம் எடுக்கிற உரிமை, அப்பிடியே இருக்கும். அதே பொக்ஸோட இன்னொண்டைக் குறைஞ்ச விலையில சேர்த்தும் எடுக்கலாம். எல்லாம் கெட்டி அட்டை, அட்டையில அவையின்ர சின்னமும் இருக்கும், அது சில பேருக்குப் பிடிக்கிறேல்ல, எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை.

இனித் தெரிவு செய்யிற விஷயம், இதைத்தான் கொஞ்சம் விரிவா எழுதோணும் எண்டு நினைச்சன்.

முதல் வருஷம் அட்டையைப் பாத்து ஒரு திரில்லர் எடுத்தன். பிறந்தநாள் காலமை தொடங்கி இரவு ஒண்டரைக்கு முடிஞ்சுது. நல்ல கதைதான், ஆனா அடுத்த நாள் காலமை கையில ஒண்டும் இல்லை, பிறந்தநாளே முடிஞ்சுபோன மாதிரி ஒரு வெறுமை. 2020க்கு அதுக்கு எதிர்ப்பக்கம் போய் நாலு தலைமுறைக் கதை, நானூறு பக்கத்துக்கு மேல. அந்த வருஷம் பங்குனியில எயார்போட் மூடினது, அடுத்த வருஷம் தைமாசம்தான் திறந்தது, புத்தகம் அக்கா வீட்டிலயே நிண்டிட்டுது. பிறந்தநாள் அண்டு அக்கா வட்ஸ்அப் வீடியோவில வந்து நீல பொக்ஸைக் கமராவுக்கு முன்னால பிடிச்சு, கத்தரிக்கோலால வெட்டித் திறந்து, முதல் அத்தியாயம் முழுக்க எனக்கு வாசிச்சுக் காட்டினா. அவக்கு அங்க விடிஞ்சு கொஞ்ச நேரம், குரல் இன்னும் கட்டினபடி, இடையில தேத்தண்ணி குடிக்கிற சத்தம். அந்தப் புத்தகம் கைக்கு வந்த பிறகும் முதல் அத்தியாயத்தை நான் திருப்பி வாசிக்கேல்ல, அது அக்கான்ர குரலிலயே இருக்கட்டும் எண்டு விட்டுட்டன்.

2021ல ஆக்கள் வாறது குறைவு எண்டு கடல் கார்கோவில உடுப்புகளோட சேர்த்துப் போட்டு அனுப்பினவா, கார்கோக் கொம்பனிக்காரர் பெட்டியை எங்க வச்சவையோ, அடிப்பக்கம் முழுக்க நனைஞ்சு வந்தது. ரெண்டு புத்தகத்தில ஒண்டு ஊதிப்போய், கடைசி அறுபது பக்கம் ஒண்டோட ஒண்டு ஒட்டி, பிரிக்கப் பிரிக்க எழுத்து மற்றப் பக்கத்தோட வருது. ஃபானுக்குக் கீழ மூண்டு நாள் விரிச்சு வச்சும் சரிவரேல்ல. சரியான கவலையாப் போச்சு. அதுக்குப் பிறகு புத்தகம் கையோட வாற ஆக்களிட்ட மட்டும்தான், ஒரு ஆளுக்கு ஒண்டு, மிஞ்சினா ரெண்டு, கெட்டி அட்டை ஒண்டு அரைக் கிலோக்குக் கிட்ட வரும், அவையும் 23 கிலோக்குள்ள தங்கட சாமான் கொண்டு வரோணும்தானே.

இப்ப நான் செய்யிறது இப்பிடி. ஒவ்வொரு புத்தகத்துக்கும் கீழ சின்னச் சின்ன அடையாளம் போட்டிருப்பினம், மெதுவா நகரும், கெதியா வாசிக்கலாம், கன பேரின்ர பார்வையில கதை, மனதைப் பாதிக்கும் எண்டெல்லாம். அட்டைக்கு முதல் நான் பாக்கிறது அதைத்தான். பிறந்தநாளுக்கு மெதுவா நகருறது ஒண்டு, அதோட சேர்த்து கெதியா முடியிறது ஒண்டு. பிறகு முதல் பக்கங்களை ஒபீஸ் போற 101 பஸ்ஸில ஃபோனில வாசிப்பன், வாசிச்சிட்டு ரெண்டு நாள் அதைத் தொடமாட்டன். மூண்டாம் நாள் எந்தக் கதையின்ர ஆளின்ர பேர் எனக்குத் தானா ஞாபகம் வருதோ அதைத்தான் எடுப்பன். இப்பிடி எடுத்ததில ஒண்டுகூட இன்னும் பிழைக்கேல்ல. எத்தினை ஸ்டார் எண்டு பாக்கிறதை எப்பவோ விட்டுட்டன், கன பேருக்குப் பிடிச்சது எனக்கு என்ர பிறந்தநாளுக்குப் பிடிக்கோணும் எண்டில்லை.

மற்ற ஆக்களுக்கு எடுக்கிறது வேற கதை. மகளின்ர 17ஆவது பிறந்தநாளுக்கு தாய் மகள் உறவைப் பற்றின ஒரு நாவல் நானே தெரிவு செய்து குடுத்தன். பிள்ளை நன்றி சொல்லி வாங்கினாள், ஆனா நாப்பதாம் பக்கத்துக்குக் கிட்ட புக்மார்க் ஒரு வருஷமா அசையேல்ல. அது எனக்கு வாசிக்க விருப்பமான புத்தகம், அவளுக்கு இல்லை எண்டு பிறகுதான் விளங்கினது. அடுத்த பிறந்தநாளுக்குக் கேக் வெட்டி முடிய என்ர ஃபோனைக் கையில குடுத்து, ரெண்டு கிரெடிட் இருக்கு, நீயே எடு எண்டன். ரெண்டு மணித்தியாலம் கட்டிலில குப்புறப் படுத்துக்கொண்டு எல்லாத்தின்ரயும் முதல் பக்கங்களை வாசிச்சாள், இடைக்கிட ஓடிவந்து "அம்மா இதைக் கேளுங்கோ" எண்டு ஒரு வசனம் வாசிச்சுக் காட்டிட்டு திரும்பி ஓடுவாள். புத்தகம் வந்துசேர நாலு மாசம் எடுத்தது. ரெண்டையும் ஒரு கிழமையில முடிச்சாள்.

விலையையும் சொல்லத்தான் வேணும். 2022ல டொலர் 200 ரூபாயிலயிருந்து 360க்குப் போன நேரம் நான் அக்காவிட்ட நிப்பாட்டுவம் எண்டு சொன்னன். அக்கா அங்க டொலரில கட்டுறதுக்கு, காசை நான் இஞ்ச அம்மான்ர எக்கவுண்டில ரூபாயில போடுறனான், அது கிட்டத்தட்ட இரட்டிப்பாப் போச்சு. நிப்பாட்டேல்ல, ஸ்கிப் பண்ணிப் பண்ணி வருஷத்துக்கு ரெண்டு மூண்டு எண்டு குறைச்சம். 2024 தையில இருந்து இஞ்ச புத்தகத்துக்கும் 18 வீதம் வற் வந்திட்டுது, கடையில புது இங்கிலிஷ் நாவல் வாங்கப் போனாலும் கையைக் கடிக்குது, அதால இப்ப ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியேல்ல. மாசாமாசம் எடுக்கிற ஆளெண்டா எங்கட சம்பளத்துக்கு இது கட்டாது, அதை நேராச் சொல்லுறன். பிறந்தநாளுக்கு மட்டும் எண்டால் தாராளமா எடுக்கலாம்.

அமெரிக்காவில ஒருத்தரும் இல்லாத ஆக்கள் செப்டெம்பர் மாசம் பண்டாரநாயக்க மண்டபத்துப் புத்தகக் கண்காட்சியில இதையே செய்து பாருங்கோ. அஞ்சு புத்தகத்தின்ர முதல் பக்கங்களை நிண்டு வாசிச்சிட்டு வாங்காம வீட்ட வாங்கோ, மூண்டு நாள் கழிச்சுப் போய் எடுங்கோ. தமிழ் நாவலுக்கு நான் இன்னும் பூபாலசிங்கம் புத்தகக்கடைக்குத்தான் போறன், தமிழிலயும் மாசம் அஞ்சு புதுசைக் காட்டி ஒண்டை எடு எண்டு ஒரு பொக்ஸ் வந்தா அண்டைக்கே சேருவன்.

ஆறு வருஷத்தில மொத்தம் 14 புத்தகம். ஒம்பது அலுமாரியில நிக்குது, மூண்டு சிநேகிதிகளிட்டப் போச்சு, ஒண்டு பாதியில கிடக்கு, நனைஞ்சதை எறிய மனமில்லாம வச்சிருக்கிறன். இந்த வருஷத்து ரெண்டும் ஆவணியிலயே வந்திட்டுது, அக்கா நியூ ஜேர்சி பேப்பரில சுத்தி மேல திகதி எழுதி விட்டிருக்கிறா. இன்னும் 19 நாள் இருக்கு.