பேட்ச் போட்ட பிறகு என்ன பாக்கி? எல்டிஎஸ்பி, ஆர்டிஎஸ், சிட்ரிக்ஸ்

"சார், சர்வர்ல அப்டேட் எல்லாம் போட்டாச்சு" என்றார் லேப் அசிஸ்டென்ட். நான் மூலையில் இருந்த ஒரு கிளையன்டில் (சர்வரை நம்பி ஓடும் மேசைக் கணினியில்) உட்கார்ந்து, அவர் புதுப்பித்த ஒரு பேக்கேஜின் பதிப்பு எண்ணைப் பார்த்தேன். பழையதே இருந்தது. சர்வரில் புதுசு, மேசைகளில் எல்லாம் பழசு. அவர் பொய் சொல்லவில்லை, எல்டிஎஸ்பி அப்படித்தான் வேலை செய்யும்.

இப்படிப்பட்ட தின் கிளையன்டுக்கு எந்த சர்வர் மென்பொருள் பாதுகாப்பானது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் பாதுகாப்பு ஓட்டைகளை எண்ணிப் பார்க்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. எல்டிஎஸ்பி, மைக்ரோசாஃப்டின் ஆர்டிஎஸ், சிட்ரிக்ஸ் என மூன்றிலும் மோசமான ஓட்டைகள் வந்திருக்கின்றன. பேட்ச் (ஓட்டையை அடைக்கும் திருத்தம்) போட்ட மறுநாள் நம் தலையில் என்ன வேலை மிஞ்சுகிறது என்பதில்தான் வித்தியாசம்.

முதலில் எல்டிஎஸ்பி. 1999இல் தொடங்கிய லினக்ஸ் திட்டம். சர்வரில் ஒரு இமேஜைக் கட்டி வைக்கிறோம், கிளையன்டுகள் நெட்வொர்க் வழியாக அதிலிருந்து பூட் ஆகின்றன. இமேஜ் என்பது கட்டிய நாளில் உறைந்துபோன நகல். சர்வரில் எத்தனை அப்டேட் போட்டாலும் அது தானாக மாறாது. ஓட்டை எல்டிஎம் என்ற லாகின் மென்பொருளில் இருந்தால் இது பெரிய சிக்கல், ஏனென்றால் எல்டிஎம் ஓடுவதே கிளையன்டில்தான்.

2008இல் எல்டிஎம்மில் பிடிபட்ட கோளாறைப் பாருங்கள். கிளையன்டின் எக்ஸ் சர்வரை (திரையையும் விசைப்பலகையையும் கையாளும் பகுதியை) அது "-ஏசி" என்ற ஆப்ஷனோடு தொடங்கிவிட்டது. யார் இணையலாம் என்ற சோதனையே வேண்டாம் என்பதுதான் அதன் பொருள். அதே நெட்வொர்க்கில் இருக்கும் யாரும் 6006ஆம் போர்ட் (நெட்வொர்க் வாசல்) வழியாக அடுத்தவர் திரையைப் பார்க்கலாம், தட்டும் விசைகளைப் பிடிக்கலாம். 2020 ஜனவரியில் டெபியன் லினக்ஸ் சரிசெய்த சிவிஇ-2019-20373 என்ற எண் கொண்ட ஓட்டை இன்னும் விசித்திரம். பயனரின் ஷெல் (கட்டளைகளைப் படித்து இயக்கும் நிரல்) வழக்கமான போர்ன் ஷெல் இலக்கணத்தை அறியாததாக இருந்தால், எஸ்எஸ்எச் (குறியாக்கப்பட்ட தொலை இணைப்பு) சர்வரின் பதிலை எல்டிஎம் தப்பாகப் படித்துவிடும். பயனர் பெயர் இருக்க வேண்டிய மாறி காலியாகிவிடும். நிரல்களைத் தன்னிலேயே ஓட்டும் ஃபேட் கிளையன்டில் அவருக்கு ரூட் (முழு நிர்வாகி) அதிகாரமே கிடைத்துவிடும். வேறு ஷெல் வைத்திருந்தது மட்டுமே அவர் செய்த "ஹேக்கிங்"!

இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றே. இமேஜுக்கு மூலமான சிஸ்டத்துக்குள் பேக்கேஜைப் புதுப்பித்து, இமேஜை மறுபடி கட்டி, எல்லா கிளையன்டையும் ரீபூட் செய்ய வேண்டும். அப்புறம் ஏதாவது ஒரு மேசையில் உட்கார்ந்து பதிப்பு எண்ணைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

2019இல் திட்டத்தையே புதிதாக எழுதி எல்டிஎம்மைத் தூக்கிவிட்டார்கள். இப்போது லாகின் திரையைக் காட்டுவது வழக்கமான டிஸ்ப்ளே மேனேஜர்தான், கடவுச்சொல்லை எஸ்எஸ்எச் வழியாக சர்வரே சரிபார்க்கிறது. பழைய 5ஆம் பதிப்பில் இருப்பவர்கள் பேட்ச் தேடி அலையாமல் இதற்கு மாறுவது நல்லது. அதற்காக எல்லாம் தீர்ந்தது என்றும் இல்லை. பூட் கோப்புகள் வருவது டிஎஃப்டிபி என்ற எளிய கோப்பு அனுப்பும் முறை வழியாக, அதில் கடவுச்சொல்லும் கிடையாது, குறியாக்கமும் கிடையாது. ஆட்டோலாகினுக்காக எல்டிஎஸ்பி கான்ஃபிக் கோப்பில் பேஸ்64 வடிவில் போட்டுவைக்கும் கடவுச்சொல் அந்த வழியாகவே போகிறது. பேஸ்64 ஒரு பூட்டே அல்ல, திரும்பப் படிக்க ஒரு வரிக் கட்டளை போதும். எனவே லேபுக்குத் தனி விலேன் (பிரித்து வைத்த நெட்வொர்க்), ஆட்டோலாகின் கணக்குக்கு மிகக் குறைந்த அதிகாரம்.

விண்டோஸ் ஆர்டிஎஸ் (ஒரே சர்வரில் பலர் தொலைவிலிருந்து வேலை செய்ய உதவும் சேவை) பக்கம் பேட்ச் போடுவது சுலபம். மாதாமாதம் வரும், போட்டு ரீபூட் செய்தால் வேலை முடிந்தது. ஆனால் வரும் ஓட்டைகளின் அளவு வேறு. 2019 மே 14 அன்று மைக்ரோசாஃப்ட் புளூகீப் என்ற ஓட்டைக்குப் பேட்ச் வெளியிட்டபோது, ஆதரவு முடிந்துபோன எக்ஸ்பிக்கும் சர்வர் 2003க்கும் சேர்த்தே கொடுத்தது. லாகினே இல்லாமல், ஆர்டிஎஸ் பயன்படுத்தும் 3389ஆம் போர்ட் வழியாக உள்ளே வந்து, புழுவைப் போல மெஷின் விட்டு மெஷின் தாவக்கூடிய ஓட்டை அது. சர்வர் 2012ஓ அதற்குப் பிந்தையதோ வைத்திருந்தவர்கள் நிம்மதியாக இருந்தார்கள். ஆகஸ்டில் அதே ரகத்தில் இன்னும் சில வந்தன, இம்முறை சர்வர் 2019 வரைக்கும். ஆகவே "புது வெர்ஷன் வாங்கிவிட்டோம்" என்பது பதில் ஆகாது.

சரி, ஆர்டி கேட்வேயை (வெளியிலிருந்து வருபவர்களை உள்ளே அனுப்பும் வாசல் சர்வரை) முன்னால் வைத்தால்? வைக்கத்தான் வேண்டும். ரவுட்டரில் 3389ஐ நேராகத் திறந்துவிட்டு டேலி ஓட்டும் அலுவலகங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும். ஆனாலும் 2020 ஜனவரியில் அந்த கேட்வேயின் யுடிபி (எச்டிடிபிஎஸ் தவிர அதற்கு இருக்கும் இன்னொரு இணைப்பு வழி) பகுதியிலேயே லாகின் இல்லாமல் புகும் ஓட்டைகள் வந்தன. பேட்ச் போடும் வரை யுடிபியை அணைத்தால் போதும், எச்டிடிபிஎஸ் வழி ஓடிக்கொண்டிருக்கும். 2024 ஜூலையில் ஆர்டிஎஸ் உரிமங்களைக் கணக்கு வைக்கும் லைசென்ஸிங் சர்வீஸின் முறை. தேவையில்லாத சர்வரிலும் அந்த ரோலை நிறுவிவைக்கும் பழக்கம் இருப்பதால், இங்கே பாக்கி வேலை களையெடுப்பதுதான். வேண்டாத ரோல்களை நீக்கி, என்எல்ஏவை (திரை திறக்கும் முன்பே கடவுச்சொல் கேட்கும் ஏற்பாட்டை)க் கட்டாயமாக்குங்கள். திருட்டுக் கடவுச்சொல்லோடு வருபவனை என்எல்ஏ தடுக்காது, ஆனால் முன்பின் தெரியாதவனை வாசலிலேயே நிறுத்தும்.

தொலைவிலிருந்து டெஸ்க்டாப்பைத் திறந்து வேலை செய்ய உதவும் சிட்ரிக்ஸில்தான் பாக்கி வேலை கழுத்தைப் பிடிக்கும். 2023 அக்டோபர் 10 அன்று அதன் வாசல் சாதனமான நெட்ஸ்கேலருக்குப் பேட்ச் வந்த சிட்ரிக்ஸ்பிளீட் என்ற ஓட்டையின் மூலகாரணம் ஒரு சின்ன சி ஃபங்ஷன். எஸ்என்பிரின்ட்எஃப் தான் எவ்வளவு எழுதியது என்று சொல்லாது, இடம் இருந்திருந்தால் எவ்வளவு எழுதியிருக்கும் என்றுதான் சொல்லும். நெட்ஸ்கேலர் அந்த எண்ணை நம்பி அத்தனை பைட்டுகளையும் வெளியே அனுப்பியது. ஹோஸ்ட் பெயரை மிக நீளமாகக் கொடுத்துக் கேட்டால், பஃபருக்கு (பதிலுக்கு ஒதுக்கிய இடத்துக்கு) அப்பால் நினைவகத்தில் கிடந்ததும் பதிலோடு சேர்ந்து வந்தது. அங்கே கிடந்தவற்றில் லாகின் ஆனவர்களின் செஷன் டோக்கன்களும் (லாகின் ஆகிவிட்டதற்கான அடையாளச் சீட்டுகளும்) உண்டு. டோக்கன் கையில் இருந்தால் கடவுச்சொல்லும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம்.

பேட்ச் கசிவை நிறுத்தும், ஆனால் ஏற்கெனவே கசிந்த டோக்கனைச் செல்லாததாக்காது. அதனால் பேட்ச் போட்ட கையோடு ஓடிக்கொண்டிருக்கும் எல்லா செஷன்களையும் நாமே கொல்ல வேண்டும். காம்காஸ்ட் நிறுவனத்தில் இந்த ஓட்டை வழியாக ஏறத்தாழ 3.6 கோடி வாடிக்கையாளர்களின் தகவல் போனது. 2025 ஜூனில் ஏறக்குறைய அதே குடும்பத்து ஓட்டை திரும்ப வந்தது, அதற்கும் அதே இரண்டாம் வேலை. 2019 டிசம்பரில் வந்ததோ இன்னொரு ரகம். அறிவிப்பு 17ஆம் தேதி, முதல் பேட்ச் ஜனவரி 19. நடுவில் ஒரு மாதம் தற்காலிக விதிகளை எழுதி ஒப்பேற்ற வேண்டியிருந்தது. அதற்குள் யாராவது பின்வாசல் வைத்துவிட்டுப் போனார்களா என்று தேடுவது தனி வேலை.

முப்பது மெஷின் உள்ள பள்ளி, கல்லூரி லேப் என்றால் நான் புது எல்டிஎஸ்பியைத்தான் சொல்வேன், இமேஜ் கட்டத் தெரிந்த ஒருவர் அங்கே இருந்தால். டேலி மாதிரி விண்டோஸ் மென்பொருள் ஓட வேண்டிய அலுவலகத்துக்கு விபிஎன்னுக்குப் பின்னால் ஆர்டிஎஸ். ராத்திரி பத்து மணிக்கு அறிவிப்பு வந்தால் அப்போதே உட்கார்ந்து செஷன்களைக் கொல்ல ஆள் இல்லாத இடத்தில் நெட்ஸ்கேலரை இணையத்தில் நிறுத்தவே மாட்டேன்.