கோவையிலிருந்து ட்ரீம்ஃபோர்ஸுக்கு: மூன்று நாளும் ஒரு ஏ3 தாளும்

கோவையில் பம்ப் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் நான் சேல்ஸ்ஃபோர்ஸ் அட்மின், அதாவது வாடிக்கையாளர் விவரங்களைக் கையாளும் அந்த சாஃப்ட்வேரைப் பராமரிப்பவன். ஒன்பது வருடமாக அதே வேலை. டீலர், சர்வீஸ் இன்ஜினியர், வாரண்டி, கம்ப்ளைன்ட் எல்லாம் எங்களுக்கு அந்த ஒரே சாஃப்ட்வேருக்குள்தான் ஓடுகிறது. 2024 செப்டம்பர் 17 முதல் 19 வரை சான்பிரான்சிஸ்கோவில் நடந்த, சேல்ஸ்ஃபோர்ஸ் நடத்தும் ட்ரீம்ஃபோர்ஸ் மாநாட்டுக்குக் கம்பெனி என்னை அனுப்பியது. திரும்பி வந்த நாளிலிருந்து இதே வேலை பார்க்கும் நண்பர்கள், "அவ்வளவு தூரம் போனதுக்குப் பிரயோஜனம் உண்டா?" என்று கேட்கிறார்கள். எனக்கு நிறையவே இருந்தது. அதற்குக் காரணம் நான் பையில் மடித்து வைத்துக்கொண்டு போன ஒரு ஏ3 தாள்.

அந்தத் தாளில் எங்கள் கம்ப்ளைன்ட் பதிவுக்குப் பின்னால் தானாக ஓடும் 37 விதிகளையும் கையால் வரைந்திருந்தேன். 26 வொர்க்ஃப்ளோ ரூல், 11 ப்ராசஸ் பில்டர். இரண்டும் சேல்ஸ்ஃபோர்ஸில் இப்படித் தானாக ஓடும் விதிகளை எழுதும் பழைய வசதிகள். பெரும்பாலானவற்றை எழுதியவர் 2018-லேயே வேலையை விட்டுப் போய்விட்டார். ஒரு கம்ப்ளைன்ட்டை சேவ் செய்தால் நாலு விதிகள் அந்தப் பதிவின் ஒரே கட்டத்தை (ஃபீல்டை) மாற்றப் போட்டி போடும். பொள்ளாச்சியில் வந்த கம்ப்ளைன்ட் ஈரோடு இன்ஜினியர் பெயருக்குப் போய் உட்கார்ந்திருக்கும். தோட்டத்தில் தண்ணீர் இல்லாமல் நிற்கும் விவசாயிக்கு இரண்டு நாள் வீணாகும். இந்த இரண்டு பழைய வசதிகளுக்கும் 2025 டிசம்பர் 31-உடன் ஆதரவு நின்றுவிடும், எல்லாவற்றையும் அவற்றுக்குப் பதிலான ஃப்ளோ என்ற வசதிக்கு மாற்ற வேண்டும் என்று வேறு அப்போதே அறிவித்திருந்தார்கள். அதனால் வேடிக்கை பார்க்கும் மனநிலையில் நான் போகவில்லை.

சிங்கப்பூர் வழியாகப் போனேன். ஜூலையில்தான் அனுமதி கிடைத்தது. அதற்குள் மாநாட்டுக்குப் பக்கத்து ஹோட்டல்கள் எங்கள் பட்ஜெட்டைத் தாண்டிவிட்டன. 2015-இல் ஊரில் அறை போதாமல் ஒரு பயணக் கப்பலையே துறையில் நிறுத்தி அதில் ஆட்களைத் தங்க வைத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நான் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் மில்ப்ரேயில் தங்கினேன். அங்கிருந்து பார்ட் ரயிலில் ஏறினால் பவல் ஸ்ட்ரீட் நிலையம், இறங்கி நடக்கும் தூரத்தில் மாநாடு நடக்கும் மாஸ்கோனி சென்டர். செலவு மிச்சம், ரயிலில் அன்றைய நாளைத் திட்டமிட நேரமும் கிடைத்தது. போகிறவர்களுக்கு இதையே சொல்வேன். செப்டம்பர்தானே என்று ஸ்வெட்டர் இல்லாமல் போய்விடாதீர்கள், காலையில் ஊட்டிக் குளிர்.

மாஸ்கோனி என்பது ஒரு கட்டடம் இல்லை. நார்த், சவுத், வெஸ்ட் என்று மூன்று. நடுவில் போகும் ஹோவர்ட் தெருவை அடைத்து, பச்சைப் புல் விரிப்பு போட்டு, அதையே திடலாக்கிவிடுகிறார்கள். 2003-இல் ஒரு ஹோட்டலில் ஆயிரத்துச் சொச்சம் பேருடன் ஆரம்பித்த மாநாடு இன்று ஒரு நகரத்தின் தெருவையே எடுத்துக்கொள்கிறது. முதல் நாள் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு ஓடியே பாதி நேரம் போனது. இரண்டாம் நாளிலிருந்து காலை முழுக்க ஒரு கட்டடம், மதியம் முழுக்க இன்னொன்று என்று பிரித்துக்கொண்டேன். கால் தப்பித்தது.

முக்கிய உரையில் சேல்ஸ்ஃபோர்ஸை நிறுவியவர்களில் ஒருவரான மார்க் பெனியாஃப் மேடையில் நிற்காமல் கூட்டத்துக்குள் இறங்கி நடந்துகொண்டே பேசினார். முழுக்க ஏஜென்ட்ஃபோர்ஸ் பற்றித்தான், அதாவது வாடிக்கையாளரோடு தானே பேசி வேலை முடிக்கும் ஏஐ ஏஜென்டுகளை உருவாக்கும் வசதி. நேரில் கேட்க நன்றாக இருந்தது, ஆனால் அந்த உரை அவர்களுடைய வீடியோ தளமான சேல்ஸ்ஃபோர்ஸ் ப்ளஸ்ஸில் இலவசமாகவே வருகிறது. அதற்காக யாரும் விமானம் ஏற வேண்டாம். நாமே கைவைத்து ஓர் ஏஜென்டை உருவாக்கிப் பார்க்கும் இடம் வேறு விஷயம். அரை மணி நேரத்தில், "மோட்டார் சுத்துது, தண்ணி ஏறல" என்று டீலர் சொன்னால் வாரண்டி எண்ணைக் கேட்டு, பதிவைத் தேடி, கம்ப்ளைன்ட் போடும் ஒன்றை ஆங்கிலத்தில் செய்து பார்த்தேன். வேலை செய்தது. சந்தோஷமாக இருந்தது. அப்புறம் கணக்குப் போட்டேன். அறிவித்த ஆரம்ப விலை ஓர் உரையாடலுக்கு 2 டாலர். எங்களுக்கு மாதம் சுமார் 4,000 அழைப்பு வருகிறது. 8,000 டாலர் என்றால் ஆறரை லட்சம் ரூபாய்க்கு மேல். எங்கள் அழைப்பு மையத்தில் இருக்கும் ஆறு பேரின் சம்பளத்தைவிட அதிகம். தவிர, அவர்களுக்கு ஒட்டன்சத்திரம் விவசாயி பேசும் தமிழ் புரியும். அந்த விலையில் அது எங்களுக்கு வேண்டாம் என்று அன்று இரவே எம்.டி.க்கு எழுதிவிட்டேன். ஆனால் கைவைத்துப் பார்த்ததால்தான் இதைத் தயக்கமில்லாமல் எழுத முடிந்தது.

எனக்கு இந்த மாநாடு என்றால் மாஸ்கோனி வெஸ்ட்தான். அட்மின்களுக்கும் டெவலப்பர்களுக்கும் ஒதுக்கிய தளம். சின்னச் சின்ன மேசைகள், ஒவ்வொன்றிலும் அந்தந்த வசதியை நன்றாக அறிந்த ஒருவர். இரண்டாம் நாள் காலை ஃப்ளோ மேசைக்குப் போய் என் தாளை விரித்தேன். ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். தாளைப் பார்த்ததும் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, "இதை நீங்களே வரைந்தீர்களா?" என்று கேட்டுவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

விதிகளை எப்படி மாற்றுவது என்பதுதான் என் கேள்வி. அவர் ஒவ்வொன்றாக விரல் வைத்து, "இது எதற்கு? யார் கேட்டார்கள்? இன்னும் யாராவது பார்க்கிறார்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஒன்பதுக்கு என்னிடம் பதிலே இல்லை. அந்த ஒன்பதின் மேலும் குறுக்குக் கோடு போட்டார். மாற்றித் தரும் கருவி இருக்கிறதே என்றேன். அது ஒரு விதிக்கு ஒரு ஃப்ளோ என்று மாற்றித் தரும், பழைய குழப்பம் புது வீட்டுக்குக் குடிபோகும், அவ்வளவுதான் என்றார். பிறகு தாளின் ஓரத்தில் மூன்று பெட்டி வரைந்தார். கட்டங்களை மட்டும் மாற்றும் விதிகள் எல்லாம் முதல் பெட்டியில். அவை பதிவு சேவ் ஆவதற்கு முன்பே ஓடும் ஃப்ளோவுக்குப் போகும், அதனால் இன்னொரு முறை சேவ் ஆக வேண்டிய தேவையே இல்லை. மெயில் அனுப்புவது, வேறு பதிவைத் தொடுவது எல்லாம் சேவ் ஆன பிறகு ஓடும் இரண்டாம் பெட்டியில். ஏழு நாள் கழித்து நினைவூட்டும் வகை விதிகள் மூன்றாவது, நேரம் குறித்து ஓடும் பாதை. எதற்குப் பின் எது ஓட வேண்டும் என்பதற்கு வரிசை எண் கொடுத்துவிடலாம். பொள்ளாச்சி, ஈரோடு குழப்பத்தின் வேர் அந்த வரிசை இல்லாததுதான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நாற்பது நிமிடம் எனக்காக உட்கார்ந்தார். பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள். அவர்களும் நகராமல் எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

இதற்கு நேர் எதிரான அனுபவம் கண்காட்சி அரங்கில். ஒரு கன்சல்டிங் கம்பெனியின் ஸ்டாலில், "2025 டிசம்பர் 31 இரவோடு உங்கள் ப்ராசஸ் பில்டர் எல்லாம் நின்றுவிடும், அதற்குள் எங்களிடம் கொடுத்துவிடுங்கள்" என்று ஒருவர் சொன்னார். தப்பு. நிற்பது ஆதரவும் பிழை திருத்தமும்தான். ஏற்கெனவே இருப்பவை ஓடிக்கொண்டுதான் இருக்கும். விவரம் தெரியாத ஒருவர் அந்த பயத்தில் லட்சக்கணக்கில் கையெழுத்துப் போட்டுவிடுவார் என்று நினைத்தபோது எனக்குக் கோபம் வந்தது. ஸ்டாலில் கேட்பதை ஃப்ளோ மேசை மாதிரி ஓர் இடத்தில் சரிபார்க்காமல் நம்பாதீர்கள். பேட்ஜை ஸ்கேன் செய்யவும் யோசித்துக் கொடுங்கள். ஒரு டீ ஷர்ட்டுக்காகக் கொடுத்துவிட்டு, ஊர் திரும்பி இரண்டு மாதம் வரை அந்த ஸ்டால்காரர்களின் போனை எடுத்துக்கொண்டிருந்தேன்.

தவறவே விடக்கூடாத செஷன் 'ட்ரூ டு தி கோர்'. இணை நிறுவனர் பார்க்கர் ஹாரிஸ் பல வருடம் முன்னின்று நடத்திய நிகழ்ச்சி. தயாரிப்புப் பொறுப்பாளர்கள் மேடையில் இருப்பார்கள். யார் வேண்டுமானாலும் மைக்கில் போய், "இது ஏன் இன்னும் வரவில்லை?" என்று கேட்கலாம். கேள்வி கேட்கிறவர்கள் எல்லாரும் நம்மைப் போல தினமும் அந்தத் திரையோடு மல்லுக்கட்டுகிறவர்கள். "இது வராது" என்று நேராகச் சொன்னாலும் கைதட்டு விழுகிறது, ஏனென்றால் காத்திருக்க வேண்டாம், வேறு வழி பார்க்கலாம் என்று தெரிந்துவிடுகிறதே.

மதியச் சாப்பாடு பெட்டியில் தருகிறார்கள். அதை எடுத்துக்கொண்டு எர்பா புவெனா தோட்டத்துக்குப் போய்விடுங்கள். மார்ட்டின் லூதர் கிங் நினைவாக அங்கே ஓர் அருவி அமைத்திருக்கிறார்கள், அதன் சத்தத்தில் தலைபாரம் இறங்கும். கடைசி நாள் அங்கே என் பக்கத்தில் உட்கார்ந்தவர் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் விவசாயக் கருவி விற்கும் கம்பெனியின் அட்மின். டீலர்கள் சீரியல் நம்பரைப் பதிவதே இல்லை என்றேன். அவர் சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டு, தன் போனில் ஒரு படம் காட்டினார். பெட்டியின் உள் மூடியில் ஒரு க்யூஆர் குறி. கருவியைப் பொருத்துகிற மெக்கானிக் அதை ஸ்கேன் செய்தால், அடுத்த சர்வீஸுக்கான சின்னத் தொகை அவர் கணக்கில் ஏறும். டீலரைக் கெஞ்ச வேண்டியதே இல்லை. நம் ஊரில் பம்பை இறக்குகிற பிளம்பருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் இது அப்படியே பொருந்தும். ஜனவரியிலிருந்து இரண்டு மாடல்களில் செய்து பார்க்கிறோம். பதிவு நன்றாகக் கூடியிருக்கிறது.

போகிறவர்கள் செஷன் முன்பதிவு திறக்கிற அன்றே உட்கார்ந்து, கைவைத்துச் செய்யும் பயிற்சிகளை முதலில் பிடித்துவிடுங்கள். உரைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாதவர்களை அனுப்பச் சொல்ல மாட்டேன். சேல்ஸ்ஃபோர்ஸின் இணையப் பயிற்சித் தளமான ட்ரெயில்ஹெட்டில் இலவசமாக இருப்பதே அவர்களுக்கு ஒரு வருடத்துக்குக் காணும்.

எங்கள் 37 விதிகள் இப்போது ஆறு ஃப்ளோக்களாகிவிட்டன. வாரண்டி ஒப்புதல் மட்டும் பாக்கி, அதை மழை சீசன் முடிந்து கம்ப்ளைன்ட் குறையும்போது தொடலாம் என்று வைத்திருக்கிறேன். பேனா கோடுகளோடு அந்தத் தாள் என் மேசைக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது.  அடுத்த மாநாட்டுக்கு என் டீமில் மூன்று வருடமாக இருக்கும் பெண்ணை அனுப்பச் சொல்லி எம்.டி.யிடம் கேட்டிருக்கிறேன். விசா நேர்காணல் சென்னையில். அவள் ஒரு ஏ3 தாள் வாங்கி எழுத ஆரம்பித்துவிட்டாள், இதுவரை ஏழு கேள்வி.