புல்வார் முனைக்கு ரவுண்டானாவா, சிக்னலா, மேம்பாலமா?

புதுச்சேரியில் புல்வார் சாலையையும் அதில் எங்கள் பக்கத்து நாற்சந்தியையும் எப்படி மாற்றி அமைக்கலாம் என்று குடியிருப்போர் சங்கத்தின் சார்பில் கருத்து எழுதிக் கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. மூன்று யோசனைகள் பேச்சில் இருந்தன. சாலையை அகலப்படுத்திச் சிக்னலைப் புதுப்பிப்பது ஒன்று. சிக்னலை எடுத்துவிட்டுச் சின்னதாக ரவுண்டானா போடுவது இன்னொன்று. மூன்றாவது மேம்பாலம். நான் ரவுண்டானா வேண்டும் என்றுதான் எழுதினேன். சங்கத்தில் எல்லோருக்கும் அதில் சம்மதம் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் மனு அப்படித்தான் போனது. இதே கேள்வி பாண்டியில் இன்னும் பல முனைகளுக்கு வரப்போகிறது என்பதால் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மேம்பாலத்தை முதலில் முடித்துவிடலாம். இந்திரா காந்தி சிலையிலிருந்து ராஜீவ் காந்தி சிலை வரை ஏறக்குறைய 4 கிலோமீட்டருக்கு 436 கோடி ரூபாயில் உயர்மட்டச் சாலை என்று 2025 அக்டோபரில் அடிக்கல் நாட்டினார்கள். அங்கே நியாயம் இருக்கிறது. அது தேசிய நெடுஞ்சாலை. சென்னையிலிருந்து கடலூர் போகிற லாரிக்கு நம் ஊரில் எந்த வேலையும் இல்லை, மேலே ஏறிப் போகட்டும். புல்வார் அப்படி இல்லை. பழைய கோட்டை மதில் ஓடிய வளையத்தில் அமைந்த சாலை இது. இதில் வருகிற ஆள் பெரும்பாலும் மார்க்கெட்டுக்கோ, பள்ளிக்கூடத்துக்கோ, கடற்கரைக்கோ வந்தவர். இங்கேயே இறங்க வேண்டியவரைத் தூணில் ஏற்றி எங்கே அனுப்புவது? அப்புறம், பாலத்துக்குக் கீழே இருட்டில் கடை வைத்திருப்பவர் கதி என்ன என்று எந்த ஊரில் கேட்டாலும் சொல்வார்கள். மேம்பாலம் கேட்டவர்கள்கூட இரண்டாவது கூட்டத்தில் அதைக் கைவிட்டுவிட்டார்கள்.

ஆக, போட்டி சிக்னலுக்கும் ரவுண்டானாவுக்கும்தான்.

சிக்னலுக்கு உள்ள பலம் எல்லோருக்கும் தெரிந்தது. நமக்குப் பழகியது, சிவப்பு விழுந்தால் நிற்க வேண்டும் என்பதில் குழப்பமில்லை, போக்குவரத்துக் காவலர் ஒருவர் நின்றால் இன்னும் ஒழுங்காக நடக்கும். ஒரு பக்கம் மட்டும் கூட்டம் அதிகமென்றால் அந்தப் பக்கத்துக்குப் பச்சையை நீட்டிக்கொள்ளலாம். ரவுண்டானாவில் இந்த வசதி கிடையாது. ராஜா தியேட்டர் சிக்னல் மாதிரி எப்போதும் நெரிகிற இடத்தில் சிக்னலை எடுங்கள் என்று நானும் கேட்கமாட்டேன்.

ரவுண்டானாவின் பலம் பாதுகாப்பு. நான்கு சாலை சேரும் சாதாரணச் சந்திப்பில் வண்டியும் வண்டியும் மோதிக்கொள்ளக்கூடிய புள்ளிகள் 32 என்று கணக்குப் போடுவார்கள். ஒரே வரிசை கொண்ட ரவுண்டானாவில் 8. எண்ணிக்கையைவிட மோதுகிற விதம் முக்கியம். சிக்னலில் மஞ்சளைத் தாண்டிப் பறக்கிறவர் குறுக்கே வருகிறவரின் விலாவில் நேராக இடிப்பார். ரவுண்டானாவில் இடித்தாலும் சாய்வாக, குறைந்த வேகத்தில்தான். அமெரிக்க நெடுஞ்சாலைத் துறை சிக்னல்களை ரவுண்டானாவாக மாற்றிய இடங்களை ஆராய்ந்து, உயிர்ச்சேதமும் காயமும் தரும் விபத்துகள் சுமார் 78 சதவீதம் குறைவதாகச் சொல்கிறது. அங்கே ஓடுவது பெரும்பாலும் கார், இங்கே ஸ்கூட்டர். அதே சதவீதம் நமக்கும் கிடைக்கும் என்று நான் வாதாடவில்லை.

சங்கத்துப் பெரியவர் ஒருவர் கேட்டார்: "தம்பி, சிக்னல் இருந்தாலே நிக்கமாட்டேங்குறான். சும்மா வட்டம் போட்டு வெச்சா எவன் நிப்பான்?" சரியான கேள்வி. நான் சொன்ன பதில்: "ஐயா, சிக்னல்ல நிக்குறது அவனோட மனசைப் பொறுத்தது. ரவுண்டானாவுல வேகம் குறையறது ரோட்டோட வளைவைப் பொறுத்தது." நுழைவாயைக் குறுக்கி, நேராகப் பாய முடியாதபடி ஒரு திருப்பம் வைத்துவிட்டால் 25, 30 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் வண்டியை உள்ளே கொண்டுபோவது கஷ்டம். அந்த வேகத்தில் அடிபடுகிற பாதசாரி பிழைக்க வாய்ப்பு அதிகம். 50-இல் அது வெகுவாகக் குறைந்துவிடும்.

ஆனால் வட்டம் சின்னதாக இருக்க வேண்டும். நம் ஊர்களில் ரவுண்டானா என்றாலே பெரிய வட்டம், நடுவில் சிலை, சுற்றிக் கம்பி வேலி, ஒரு நீரூற்று. வட்டம் பெரிதானால் வளைவு தளர்ந்துவிடும், வேகம் ஏறும். நாங்கள் கேட்டது வெளி விட்டம் 30 மீட்டர் அளவில் ஒன்று. நடுத்திட்டைச் சுற்றிப் பேருந்தின் பின்சக்கரம் ஏறி இறங்கும்படி தாழ்வான கல் பட்டை. ஒவ்வொரு சாலை வாயிலும் நடந்து கடப்பவர் இடையில் நின்றுகொள்ள ஒரு சிறு திட்டு. ஒரு நேரத்தில் ஒரு திசையிலிருந்து வருகிற வண்டியை மட்டும் பார்த்தால் போதும் என்பது வயதானவர்களுக்குப் பெரிய உதவி. ஜீப்ரா கோடு வட்டத்தின் விளிம்பிலேயே இருக்கக்கூடாது. ஒரு கார் நீளம் பின்னால் இருக்க வேண்டும். நடுவில் சிலை வேண்டாம் என்றும் தெளிவாக எழுதினேன். தலைவர்கள் மேல் மரியாதைக் குறைவால் இல்லை. சிலை இருந்தால் பிறந்தநாளுக்கும் நினைவுநாளுக்கும் மாலை போடக் கூட்டம் வரும். வண்டி சுற்றிக்கொண்டிருக்கும் வட்டத்தின் நடுவில் மக்கள் போய் நிற்க நாமே வழி செய்துகொடுத்தது போல ஆகிவிடும். தலைவர்களுக்கு நல்ல பூங்காவில், பக்கத்தில் போய்ப் படிக்க முடிகிற கல்வெட்டோடு இடம் கொடுக்கலாம்.

இதெல்லாம் ஒரு பக்கம். என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு.

புதிதாகப் போட்ட எந்தச் சந்திப்பும் முதல் வருடம் நன்றாகத்தான் இருக்கும். ஐந்தாம் வருடம் எப்படி இருக்கும் என்று கேட்க வேண்டும். சிக்னல் என்பது கம்பத்தில் தொங்கும் மூன்று விளக்கு மட்டும் இல்லை. கன்ட்ரோல் பெட்டி, பூமிக்கடியில் ஓடும் கேபிள், எண் காட்டும் டைமர், கரன்ட் போனால் தாங்கும் பேட்டரி, நவீனமானது என்றால் வண்டியைக் கணக்கெடுக்கும் கேமரா. இவ்வளவையும் கடலிலிருந்து நடந்து போகும் தூரத்தில் வைக்கிறோம். உப்புக் காற்றில் வீட்டு ஜன்னல் கம்பியே என்ன ஆகிறது என்று பாண்டியில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெட்டிக்குள் இருக்கும் இணைப்புகளும் அப்படித்தான் அரிக்கும். வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தம் இருக்கும்வரை ஆள் வந்து பார்ப்பார். ஒப்பந்தம் முடிந்து அடுத்தது போடும்வரை? நான் தினமும் கடக்கிற ஒரு சிக்னல் மஞ்சள் மட்டும் மினுக்கிக்கொண்டு மாதக்கணக்கில் கிடந்தது. நான்கு பக்கமும் மஞ்சள் மினுக்கினால் யாருக்கு முன்னுரிமை என்று யாருக்கும் தெரியாது. பெரிய வண்டி போகும், சின்ன வண்டி ஒதுங்கும். சிக்னலே இல்லாத சந்திப்பைவிட அது மோசம், ஏனென்றால் சாலை முழுக்கச் சிக்னலை நம்பி அகலமாகவும் நேராகவும் அமைக்கப்பட்டிருக்கும்.

இதோடு புயலைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் நமக்கும் கடலூருக்கும் இடையில் கரை கடந்தது. கரன்ட் வர நாள் கணக்கில் ஆன தெருக்கள் உண்டு. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் வந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. இந்த மாதிரி நாட்களில்தான் ஆம்புலன்ஸும் பால் வண்டியும் மீட்புப் படகை ஏற்றிய லாரியும் தடையில்லாமல் போக வேண்டும். காவலர்களுக்கு வேறு ஆயிரம் வேலை இருக்கும் நாட்களும் அவைதான். கரன்ட் இல்லாத சிக்னல் வெறும் கம்பம். ரவுண்டானாவுக்குக் கரன்ட் தேவையில்லை. அதன் விதி கல்லிலேயே இருக்கிறது.

ரவுண்டானாவுக்குப் பராமரிப்பே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. இங்கேதான் எங்கள் மனுவில் அதிக வரிகள் செலவழித்தேன். முதல் எதிரி தார். நம் ஊரில் சாலை போடும்போது பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தாரைக் கொட்டும் பழக்கம் இருக்கிறது. இரண்டு தடவை அப்படிப் போட்டால் நடுத்திட்டின் கல் பட்டை சாலை மட்டத்துக்கு வந்துவிடும். பைக் அதன் மேலேயே நேராக ஏறிப் போகும். வளைவு போனால் வேகம் வரும், வேகம் வந்தால் ரவுண்டானா போட்டதற்கே அர்த்தமில்லை. எனவே, இந்தச் சந்திப்பில் மறுதார் போடும்போதெல்லாம் பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டே போட வேண்டும், கல் பட்டையின் உயரத்தை அளந்து காட்ட வேண்டும் என்று நிபந்தனையாகவே கேட்டோம்.

இரண்டாவது, தண்ணீர். ரவுண்டானாவில் சாலையை வழக்கமாக வெளிப்பக்கம் சரிவாக அமைப்பார்கள். மழைநீர் வெளி ஓரத்தில் சேரும். நம் ஊரோ தட்டையானது. ஓரத்தில் இருக்கும் வடிகால் வாய் இலையும் பிளாஸ்டிக்கும் அடைத்தால், மனிதர்கள் சாலையைக் கடக்கும் அதே இடத்தில் குளம் கட்டும். ஐப்பசிக்கு முன்னால் தூர் வாருவது யார் பொறுப்பு என்று திட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். மூன்றாவது, செடி. நடுத்திட்டில் புல்வெளி வேண்டாம், தண்ணீர் லாரி கேட்கும். அரளி போதும். உப்பைத் தாங்கும், மாடு கடிக்காது, நடுவில் சற்று உயரமாக வளர்ந்தால் எதிர்ப்பக்கம் தெரியாமல் ஓட்டுநர் தானாகவே வேகத்தைக் குறைப்பார்.

கூட்டிப் பார்த்தால், ரவுண்டானாவுக்கு வேண்டியவை மண்வெட்டி, துடைப்பம், தார் போடும்போது கொஞ்சம் ஒழுக்கம். கெட்டால் கண்ணுக்குத் தெரியும், உள்ளூர் ஆளே சரிசெய்வார். சிக்னல் கெட்டால் வெளியூரிலிருந்து டெக்னீஷியனும் உதிரி பாகமும் வர வேண்டும்.

விதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும் வண்டிக்கே முன்னுரிமை, நுழைகிறவர் காத்திருக்க வேண்டும். நம் நாட்டில் 2017 மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளிலேயே இது இருக்கிறது. இங்கிலாந்து 1966-இல் இந்த விதிக்கு வந்தது. பிரான்ஸிலோ எண்பதுகளின் தொடக்கம்வரை வலப்பக்கத்திலிருந்து நுழைகிறவருக்கே முன்னுரிமை. கூட்டம் கூடினால் வட்டம் அப்படியே இறுகி நின்றுவிடும். விதியை மாற்றிய பிறகுதான் அங்கே ஊருக்கு ஊர் ரவுண்டானா பெருகியது. ஆக, பழக்கம் மாறும். இங்கே ஹாரன் அடித்து நுழையும் பழக்கம் மாற எவ்வளவு காலமாகும் என்று என்னால் சொல்ல முடியாது. நுழைவாயில் கோடு மட்டும் போட்டால் மாறாது, வாயைக் குறுக்கினால் மாற வாய்ப்புண்டு என்று நம்புகிறேன்.

எனக்கு உறுதியில்லாத இடங்கள் இரண்டு. ஒன்று, கொள்ளளவு. சாலைகளுக்கான அளவுகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் பழைய வழிகாட்டுதல்படி எல்லாப் பக்கமும் சேர்த்து மணிக்கு 3000 வண்டிகள்வரை ரவுண்டானா தாங்கும். எங்கள் பையன்கள் வேலை நாள் மாலையில் நின்று எண்ணினார்கள். ஸ்கூட்டரைக் காரில் முக்கால் பங்காக வைத்தாலும் அந்த எல்லைக்குள்தான் வந்தது. ஆனால் சென்னை, பெங்களூர் வண்டிகள் வந்து குவியும் சனி ஞாயிறை நாங்கள் எண்ணவில்லை. இரண்டு, பார்வையற்றவர்கள். சிக்னலில் வண்டிகள் நிற்கும் சத்தம் அவர்களுக்கு ஒரு குறிப்பு. ரவுண்டானாவில் வண்டி ஓடிக்கொண்டே இருப்பதால் அது கிடைக்காது. ஜீப்ராவை நடைபாதை உயரத்துக்கு மேடாக்கினால் வண்டிகள் தயங்கும் என்கிறார்கள். அது போதுமா என்று பார்வையற்றவர்களிடமே கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

புல்வார் சாலையைப் பொறுத்தவரை அதிகம் யோசிக்கவில்லை. நடுவில் கம்பித் தடுப்பு வைத்த நான்கு வரிசை வேண்டாம்; இரண்டு நல்ல வரிசையும் இரு பக்கமும் அகலமான நடைபாதையும் வேண்டும் என்று எழுதினோம். கடைத்தெருவில் குறைந்தது இரண்டரை மீட்டர் தடையில்லாத நடைபாதை என்பது இந்தியச் சாலைக் காங்கிரஸின் அளவு. மாலையில் வண்டிகளை நிறுத்திவிட்டால் கடற்கரைச் சாலையில் எத்தனை பேர் நடக்கிறார்கள் என்று பார்க்கிறோமே, நடக்க இடம் கொடுத்தால் ஜனம் நடக்கும். பூக்காரம்மாவையும் இளநீர்க்காரரையும் அப்புறப்படுத்தாமல், 2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி அவர்களுக்கு இடம் குறித்துக் கொடுத்துவிட்டு அளவெடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்தோம். மரம் என்றால் புன்னை, பூவரசு. இரண்டும் கடலோரத்துக்குப் பழகியவை.

கடைசியாக ஒன்று கேட்டோம். சிமென்ட் கொட்டுவதற்கு முன்னால், பிளாஸ்டிக் தடுப்புகளையும் மணல் மூட்டைகளையும் வைத்து அதே அளவில் தற்காலிக ரவுண்டானா போட்டு, ஒரு தீபாவளிக் கூட்டமும் ஒரு மழைக்காலமும் பார்த்துவிட வேண்டும். டெம்போக்கள் வெளியேறும் வாயிலேயே நின்று ஆள் ஏற்றினால் என்ன ஆகும், நிறுத்தத்தை எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். வேலை செய்யவில்லை என்றால் மூட்டைகளை எடுத்துவிட்டுச் சிக்னலுக்கே திரும்பலாம். அப்படி ஒரு வரியையும் மனுவில் சேர்த்த பிறகுதான் அந்தப் பெரியவர் கையெழுத்துப் போட்டார்.